ஐந்து பொத்தான், ஒரே பாட்டு

லிஃப்டில் ஐந்து என்று அழுத்தினால் அது ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். முப்பத்தெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்ட தொழில் அது. நான் பார்க்காத கோளாறு கிடையாது. ஒருமுறை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இரண்டு வக்கீல்கள், நான் போய்ச் சேர்வதற்குள் ஏழு வருஷத்து வழக்கு ஒன்றைச் சமாதானமாகப் பேசி முடித்துவிட்டார்கள். பிழைப்பில் மண் விழுந்ததற்கு இருவரும் சேர்ந்து என்னைத்தான் திட்டினார்கள். அப்படிப்பட்ட என்னைக் கட்டைவிரல் நீளப் பாட்டுப் பெட்டி ஒன்று மண்ணைக் கவ்வ வைத்தது.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் என் மச்சினன் மகன். "அத்தைக்கு நாலு மணி நேரம் எப்படி மாமா போகும்? இதுல நானூத்திப் பன்னிரண்டு பாட்டு இருக்கு. சும்மா கேட்டுக்கிட்டே இருங்க" என்றான். நல்ல பையன். ஆனால் கொடுத்துவிட்டு அன்றைக்கே விமானம் ஏறிவிட்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்று வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்று வழியாகக் கழுவித் திரும்பி வரும். நாலு மணி நேரம். அந்தக் கையை அசைக்கக் கூடாது. அவளுக்கு ஜன்னலோரப் படுக்கை. இடது பக்கம் மெஷின், வலது பக்கம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியின் நாலு காலில் ஒன்று குட்டை. எது என்று கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை, ஒவ்வொரு நாளும் வேறு கால் குட்டையாக இருக்கும்.

ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். முன்பு யாரோ ஒருவர் சண்டைப் படத்தைச் சத்தமாகப் போட்டு, எதிர்ப்படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். ஆகவே பாட்டுப் பெட்டிதான் கதி.

அதில் ஐந்து பொத்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று குணம். தட்டினால் ஒன்று, அழுத்தினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று. எத்தனை நேரம் பிடித்தால் பிடித்ததாகக் கணக்கு என்பதை அது சொல்லாது. திரை என் சுண்டுவிரல் நகம் அளவு. அதில் பாட்டின் பெயர் வரும் என்றான் பையன். வந்தது. முதல் பாட்டின் பெயர் 'ட்ராக் ஒன்று'. அடுத்த பாட்டின் பெயரும் 'ட்ராக் ஒன்று'. நானூத்திப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்த வீடு அது. ஒலியை ஒரு படி குறைத்தால் கொசு, ஒரு படி கூட்டினால் ரயில். நடுவில் மனுஷன் கேட்கிற படி கிடையாது. பேட்டரி மூன்று கோடு காட்டும், மூன்று கோடு காட்டிக்கொண்டே செத்துப்போகும்.

காது வயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுருட்டிப் பைக்குள் வைத்தால் அரை மணி நேரத்தில் அது தன்னைத் தானே பின்னிக்கொள்ளும். ஒருநாள் என் கண்ணாடியையும் சாவிக்கொத்தையும் அவளுடைய சீப்பையும் சேர்த்துப் பின்னி வைத்திருந்தது. பக்கத்து வீட்டில் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுல மூணு முடிச்சு இதுவரைக்கும் எந்தக் கப்பல்லயும் போட்டதில்ல" என்று சொல்லி, நோட்டில் படம் வரைந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டு காதிலும் அவளே மாட்டிக்கொள்ளலாம். மாட்டேன் என்றாள். "ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டா மெஷின் கத்துறது எப்படிக் கேக்கும்? நீங்க தூங்கிடுவீங்க." அது உண்மைதான். ஆகவே பங்கு. நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவளுடைய வலது காதில் ஒன்று, என்னுடைய இடது காதில் ஒன்று. வயர் குட்டை. இருவர் தலையும் ஒட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். கல்யாணப் போட்டோவில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

அப்படி ஒருநாள் தலையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் சொன்னாள்.

"இந்த மாசத்தோட போதுங்க."

"எது?"

"இது. ஊசி, மெஷின், வேன், திரும்ப வேன். போதும். சலிச்சுப்போச்சு."

அழுகை இல்லை, கோபம் இல்லை. கடைக்காரரிடம் பாக்கெட் பால் போதும் என்கிற மாதிரி சொன்னாள். டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். ஒரு தடவை விட்டால் கால் வீங்கும், இரண்டு தடவை விட்டால் மூச்சு முட்டும் என்றார். மூன்றாவது தடவையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்ய முடியும்? முப்பத்தெட்டு வருஷமாக ஏறவும் இறங்கவும் வழி செய்தவன். உட்கார்ந்த இடத்தில் ஒருத்தியை உட்கார வைக்கும் வித்தை எனக்குத் தெரியாது. "உனக்கு என்ன பாட்டு வேணும்னு சொல்லு, கண்டுபிடிச்சுப் போடறேன்" என்றேன். 

ஒரு பாட்டைச் சொன்னாள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்க்கடை ரேடியோவில் அது வருமாம். "விளக்கை அணைக்கவில்லை, விடியட்டும் என்றிருந்தேன்" என்று முதல் வரி வரும், பஸ்ஸும் வரும். பதினோரு வருஷம் முதல் வரியை மட்டும் கேட்டவள் அவள். பஸ் ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை என்றாள். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

நானூத்திப் பன்னிரண்டு 'ட்ராக் ஒன்று'களுக்குள் அதைத் தேடினேன். மூன்று நாள் ஆஸ்பத்திரி நேரம் போயிற்று. முந்நூற்று எட்டாவதில் அகப்பட்டது. ஆனந்தத்தில் ஏதோ ஒரு பொத்தானைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. திரையில் வட்டமாக ஒரு அம்புக்குறி வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பெட்டி அந்த ஒரு பாட்டைத் தவிர வேறு எதையும் பாடாது. முடிந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அணைத்துப் போட்டாலும் அதே பாட்டு. அடித்துப் பார்த்தேன், அதே பாட்டு. நாலு மணி நேரத்தில் அறுபத்தாறு தடவை.

முதல் தடவை கேட்டு முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"மெட்டு அதேதான். ஆனா பாடறவளைக் காணோமே" என்றாள்.

"என்னது?"

"தபேலா வருது, வயலின் வருது. பாடற ஆள் வரல. வெறும் வாத்தியம்தான் இருக்கு. உங்களுக்கு?"

என் காதில் அந்தப் பெண் தெளிவாகப் பாடிக்கொண்டிருந்தாள். எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. இந்த மருந்துகளில் சிலது காதைக் கெடுக்கலாம் என்று முதல் மாசமே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிறுநீரகம் போச்சு, இப்போது காதும் போகிறது. இது அவளுக்குத் தெரிந்தால் மாசக் கடைசி வரை எதற்குக் காத்திருப்பாள்? நாளைக்கே நிறுத்திவிடுவாள்.

"எனக்கும் அப்படித்தான்" என்றேன். "வெறும் வாத்தியம்."

அதே வாரத்தில், மூன்று படுக்கை தள்ளி சிஸ்டர் இன்னொரு சிஸ்டரிடம் தன் மாமியாரைப் பற்றிக் கிசுகிசுத்ததை இவள் வார்த்தைக்கு வார்த்தை எனக்குச் சொன்னாள். நான் அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். பெண்களுக்கு வேண்டியது மட்டும் கேட்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லிஃப்டில் கோளாறு என்றால் முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பேன். மனைவி விஷயத்தில் நேராக மோட்டாரையே கழற்றிப் போட்டேன்.

"மீதி வரி தெரியாமயே போயிடும் போல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "நான் சொல்றேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இது ஒரு நாடகத்துப் பாட்டு. அந்த நாடகக் கொட்டகையில ஆள் ஏத்துற லிஃப்ட் ஒண்ணு இருந்துச்சு, தேவதை எல்லாம் அதுலதான் இறங்கும். ரிப்பேருக்குப் போய் எட்டு மாசம் அங்கேயே கிடந்தேன். ரெக்கார்டுல மூணரை நிமிஷம்தான். நாடகத்துல நூத்தியெட்டு சரணம்."

என் இடது காதில் அந்தப் பெண் பாடியதை அப்படியே ஒப்பித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் பாடியது மொத்தம் இரண்டு வரி. விளக்கை அணைக்கவில்லை, விடியட்டும் என்றிருந்தேன். விடிந்தும் வரவில்லை, விளக்கையும் மறந்துவிட்டேன். அவ்வளவுதான். இதையே பதினோரு விதமாக இழுத்தாள். இதைக் கேட்க ஒருத்தி பதினோரு வருஷம் காத்திருந்தாள் என்றால் எனக்கே அவமானமாக இருந்தது. ஆகவே இரண்டாவது சரணத்திலிருந்து நானே போட ஆரம்பித்தேன்.

விளக்கை அணைக்காமல் காத்திருந்தவளின் புருஷன் ஏன் வரவில்லை? படகு வாங்கப் போயிருந்தான். அந்த ஊரில் ஆறு கிடையாது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டான். அதைத் தலையில் சுமந்துகொண்டு நடந்து வருகிறான். வழியில் மழை. படகைக் கவிழ்த்துக் குடையாகப் பிடித்துக்கொண்டால் ஊரே அடியில் வந்து ஒண்டிக்கொள்கிறது. ஒண்டியவர்கள் மழை நின்ற பிறகும் போக மறுக்கிறார்கள்.

"போக மறுக்கிறாங்களா?" அவள் கண்ணைத் திறந்தாள். "ஏன்?"

"வாடகை இல்லாத வீடு."

உதட்டோரம் லேசாகக் கோணிற்று. ஐந்து மாசத்தில் முதல் தடவை. மெஷின் கத்தியது. நாலு மணி நேரம் முடிந்திருந்தது. இருவருக்குமே தெரியவில்லை.

மாசக் கடைசி வந்தது, போனது. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேன் வந்தால் ஏறினாள். படுத்து ஊசி குத்தியதும் வலது காதை நீட்டுவாள். வாத்தியம் ஓடும். நான் சரணம் சொல்வேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு தையல்காரர், அவருக்கும் அதே மூன்று நாள். முதலில் தூங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு கேட்டார், அப்புறம் வெட்கத்தை விட்டார். "அண்ணே, அந்தப் படகுல குடியிருந்தவங்க தேர்தல் வெச்சாங்களே, யாரு ஜெயிச்சா?" என்று புதன்கிழமை காலையில் ஊசி குத்தும்போதே கேட்பார்.

எனக்குத்தான் முடியவில்லை. ஒரு காதில் ஒரு பெண் ஒரே இரண்டு வரியை நாளைக்கு அறுபத்தாறு தடவை பாடுகிறாள். அதற்கு நடுவே நான் இல்லாத ஊரில் படகைச் சுமக்க வேண்டும். வீட்டுக்கு வந்து படுத்தால் கனவில்கூட விளக்கை அணைக்க முடியவில்லை. எழுபத்து நாலு வயதில் ஒரு மனிதன் எத்தனை சரணம்தான் போடுவான்? அறுபத்து மூன்றாவது சரணத்தில் புருஷன்காரனை ஒரு திமிங்கிலம் விழுங்கிற்று. ஆறில்லாத ஊரில் திமிங்கிலம் எப்படி வந்தது என்று தையல்காரர் கேட்டார். மழையில் வந்தது என்றேன். ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்.

அவரால்தான் வினை வந்தது.

ஒரு புதன்கிழமை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை. "பரவாயில்ல அண்ணே, இன்னிக்கு நான் அந்த வாத்தியத்தையாவது கேக்கறேன், குடுங்க" என்றார் தையல்காரர். சிஸ்டர் பெட்டியை வாங்கி அவரிடம் கொடுத்தாள். எனக்குக் குரல் இருந்தால் தடுத்திருப்பேன். அவருக்குப் பங்குக்கு ஆள் கிடையாது. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார்.

மூன்று நிமிஷம் தலையை ஆட்டினார். அப்புறம் காதில் வயர் மாட்டியவன் கத்துகிற மாதிரியே கத்தினார்.

"அக்கா! என்ன அருமையா பாடுது இந்தப் பொண்ணு! ஆனா படகே வரலியே! ரெண்டே வரியைத்தானே திருப்பித் திருப்பிப் பாடுது!"

வார்டில் இருந்த பதினாலு மெஷினும் நின்ற மாதிரி இருந்தது.

"இங்க குடுங்க" என்றாள் என் மனைவி.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். முழுப் பாட்டும் கேட்டாள். மெஷின் டெக்னீஷியன் வந்து பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பழைய ரெக்கார்டில் சிலது அப்படித்தானாம். பாடுகிற குரலை முழுக்க ஒரு பக்கமும் வாத்தியத்தை முழுக்க இன்னொரு பக்கமும் போட்டுவிடுவார்களாம். இடது காதுக்குக் குரல், வலது காதுக்கு வாத்தியம். "ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டா பாட்டு ரெண்டாப் பிஞ்சிடும்" என்று சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான்.

"அப்ப உங்களுக்குக் கேட்டுச்சு" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"எனக்குக் காது போயிடுச்சுன்னு நெனச்சீங்க."

மறுபடியும் ஆட்டினேன்.

"நெனச்சு, என்கிட்ட சொல்லல. அதுக்குப் பதிலா எனக்குப் படகு விட்டீங்க. நான் என்ன, சோறு ஊட்டும்போது நிலாக் காட்டுற குழந்தையா? எனக்கு என்ன போகுது, என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

காதிலிருந்து கழற்றினாள், வயரைச் சுற்றவில்லை, அப்படியே என் மடியில் போட்டாள். வேனில் வரும்போது ஒரே ஒரு தடவை பேசினாள்.

"வெள்ளிக்கிழமை நான் வரல."

டாக்டர் சொன்ன கணக்குப்படி தண்ணீரை அளந்து குடிக்கிறவள், வியாழக்கிழமை அளக்காமல் ஒரு டம்ளர் குடித்தாள். நான் பார்க்க வேண்டும் என்றே குடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கணுக்காலைப் பார்த்தேன். வீங்கியிருந்தது, விரலால் அமுக்கினால் விழுந்த பள்ளம் எழும்பவில்லை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேன் டிரைவர் கீழே இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

கெஞ்ச வேண்டும் என்றுதான் நினைத்தேன். கெஞ்சுவதற்கு உடம்பில் தெம்பில்லை. பொய் சொல்லலாம் என்றால், அதுவும் தீர்ந்துவிட்டது. கட்டிலின் மறு பக்கத்தில் காலை நீட்டிப் படுத்துவிட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"படுக்கறேன்." குரல் பாதிதான் வந்தது. "நீ வரலன்னா எனக்கும் அங்க வேலை இல்ல. எனக்கும் களைப்பா இருக்கு. உனக்குக் காது போகலன்னு தெரிஞ்சதும் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லக்கூட அன்னிக்குத் தொண்டை இல்ல. அவ்வளவுதான்."

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். மூன்றாவது ஹாரன்.

"ஆறு மாசமா உங்க மனசுல இருந்ததை எல்லாம் எனக்குத் தெரியாம வெச்சிருந்தீங்க. டாக்டர்கிட்ட தனியாப் போய்ப் பேசினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்க. அதுக்கு முந்தி உங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துல என்கிட்ட சொல்லாமப் பண்ணினது. அதுக்கும் முந்தி அந்த வீட்டை மாத்தினது. எல்லாத்தையும் உங்ககிட்ட கேக்கணும்."

"கேளு."

"இங்க கேட்டா எழுந்து பால்கனிக்குப் போயிடுவீங்க. நாப்பத்தி ரெண்டு வருஷமா அதானே பண்றீங்க." துணியை வைத்துவிட்டு எழுந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செருப்பில் காலை நுழைத்தாள். வீக்கத்தில் உள்ளே போகவில்லை. செருப்பின் பின்பக்கத்தை மிதித்தபடியே நின்றாள். "அங்கதான் நீங்க நாலு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. வாங்க."

ஊசி குத்தியதுமே ஆரம்பித்துவிட்டாள். பெட்டியை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் பேச்சுக்கு வயர் இல்லை, ஆனால் முடிச்சு உண்டு. ஒலி ஒரே சீராக இருந்தது. வலது காது, இடது காது என்ற பேதமே இல்லை. பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே வரி இரண்டாம் தடவை வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தையல்காரர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் மறுபக்கம் பார்த்தார், அப்புறம் எங்கள் பக்கமாக நன்றாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கல்யாணத்துல அப்படி என்னக்கா பண்ணினாரு?"

"நீங்களே கேளுங்க தம்பி" என்று அவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில் நான் பண்ணாததும் இருந்தது, மறுக்கவில்லை. மெஷின் கத்தியபோது அவள் எங்கள் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் தாம்பாளம் மாறிப்போன இடத்தில் இருந்தாள். சிஸ்டர் ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அமுக்கினாள்.

"முடிஞ்சுதுமா. எழுந்துக்கறீங்களா?"

"எங்க முடிஞ்சுது?" என்றாள் என் மனைவி. பஞ்சைத் தன் விரலால் அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வீடு மாத்தின விஷயத்துக்கு நான் இன்னும் வரவே இல்ல. அது திங்கட்கிழமைக்கு. தொண்டைக்கு ஏதாவது மருந்து வாங்கிக்குங்க, நீங்க பதில் சொல்லணும்."

வாங்கிக்கொண்டேன்.